வாலிபர் காங்கிரஸ் யாருடைய பிள்ளை?

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸைப் பற்றி எழுதப் புகுவோர்க்கு முதலிலே குறுக்கே நிற்பது அதன் பெயரேயாகும். சர்வகலாசாலையிலே எம்முடன் பயிலும் நண்பரொருவர் அண்மையில் எழுதிய கட்டுரையொன்றில் அதனைத் "தமிழ்க் காங்கிரஸின் இளைஞர் அணி" என்று குறித்திருந்தார். வேறொருவர் "இந்தியக் காங்கிரஸின் யாழ்ப்பாணக் கிளை" என்றார். இருவரும் படியாதவர்களல்லர். காங்கிரஸ் என்றாற் கட்சி. அதன் முன்னே வாலிபர் என்ற சொல் நின்றால் அக்கட்சியின் வாலிபர் பிரிவு. இஃது இக்கால வழக்கு. இக்கால வழக்கை நூறு ஆண்டுக்கு முந்திய பெயரொன்றின்மேல் ஏற்றிப் பார்த்ததால் வந்த வினை இது. பெயரிலே நேர்ந்த சிறு பிசகுதானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் எண்ணக்கூடும். அந்தச் சிறு பிசகு 1931ஆம் ஆண்டின் பகிஷ்காரத்துக்கு நேர்மாறான பொருளைக் கொடுத்துவிடுகிறது. ஆகவேதான் இதனை எழுதத் துணிந்தேன்.

கட்சியொன்றின் இளைஞர் அமைப்பைத் தமிழில் எவ்வாறு குறிப்பது என்பதிலே எமக்கு இன்னும் ஒருமித்த வழக்கில்லை. ஆங்கிலத்தார் அதனைப் பறவையின் சிறகு என்று சொல்லுவர். நாம் கிளை என்கிறோம், பிரிவு என்கிறோம், முன்னணி என்கிறோம், அணி என்கிறோம், பேரவை என்கிறோம். இச்சொற்கள் ஒரே பொருளன. ஆயினும் ஒவ்வொன்றும் தன்னோடு ஒரு படத்தைக் கொண்டுவருகிறது. கிளை என்று சொன்னால் அடிமரம் ஒன்று முன்னமே நிற்கவேண்டும். அணி என்றாலோ அணிவகுத்து நிறுத்திய தளபதி ஒருவன் வேண்டும். முன்னணி என்றால் பின்னால் பெரும்படை வரவேண்டும். பேரவை ஒன்றுதான் பின்னால் யார் நிற்கிறார் என்பதைச் சொல்லாமலே நிற்கும் சொல். 1970இல் மாணவர் பேரவை என்றும் 1973இல் இளைஞர் பேரவை என்றும் பெயர் சூடியோர் அச்சொல்லைத் தெரிந்தே எடுத்தனர் போலும். அவர்களுடைய கதை வேறு. இங்கே அதற்கு இடமில்லை. ஆனால் மாணவர் என்று தொடங்கிய பெயர் சில ஆண்டுகளில் இளைஞர் என்றாவது அவர்களுக்கு அரைநூற்றாண்டு முன்னரே இம்மண்ணில் நடந்ததொன்று என்பதை மட்டும் குறித்து மேலே செல்கிறேன்.

1924ஆம் ஆண்டு இறுதியிலே யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தோன்றியது. அதன் கருவிலே நின்றவர் ஹன்டி பேரின்பநாயகம். 1899இற் பிறந்தவர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்று அங்கேயே ஆசிரியராயிருந்தவர். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. முதலாவது மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அதே கல்லூரியைச் சேர்ந்த ஜே. வி. செல்லையா. அமெரிக்க மிஷனார் நடத்திய கல்லூரியொன்றிலிருந்து சுயராச்சியம் கேட்கும் இயக்கமொன்று புறப்பட்டது சிலருக்கு வியப்பாயிருக்கும். மிஷன் பாடசாலையிலே படித்த எனக்கு அது பெரிய வியப்பன்று. அக்காலத்து அதிபர் பிக்னெல் அடிகள் ஆசிரியர்களையும் மாணவர்களையும் தம் மனம்போலச் சிந்திக்கவிட்டவர். அவ்வளவு சுதந்திரத்தை எல்லாப் பாடசாலைகளிலும் எதிர்பார்க்க இயலாது என்பதும் உண்மை.

அவர்கள் தெரிந்தெடுத்த பெயரிலே உள்ள சொற்களைக் காட்டிலும் அதிலே இல்லாத சொற்கள்தாம் அதிகம் பேசுகின்றன. அந்நாளில் இளைஞர் சங்கங்களுக்குப் பெயரிடும் முறையொன்று இருந்தது. 1844இல் இலண்டனிலே கிறிஸ்தவ வாலிபர் சங்கம் எழுந்தது. அதன் அச்சிலே வார்த்ததுபோல 1898இல் கொழும்பிலே பௌத்த வாலிபர் சங்கம் எழுந்தது. இந்து வாலிபர் சங்கங்களும் அவ்வச்சிலிருந்தே வந்தன. இம்மலரைக் கையில் வைத்திருக்கும் நாமும் அந்தப் பெயர் மரபின் வழியினரே. பெயரின் அச்சு இரவல் என்பதாற் பொருள் இரவலாகிவிடாது. அவையெல்லாம் சமயத்தைப் பெயரிற் கொண்டவை. வட்டுக்கோட்டையில் எழுந்த அமைப்போ சமயத்தைப் பெயரிற் கொள்ளவில்லை. இனத்தையும் கொள்ளவில்லை. 1921இற் தமிழ்த் தலைவர்கள் தமிழர் மகாசன சபையை அமைத்திருந்தனர். 1923இற் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைத் தமிழர் சங்கத்தைத் தொடக்கியிருந்தார். தமிழர் என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்த காலம் அது. அவ்வாறிருந்தும் மாணவர் காங்கிரஸார் ஊர்ப்பெயரை மட்டுமே வைத்துக்கொண்டனர். தீண்டாமை ஒழியவேண்டும், சுதேச உடை உடுக்கவேண்டும், தமிழரும் சிங்களம் கற்கவேண்டும், இலங்கைக்குப் பூரண சுயராச்சியம் வேண்டும் என்பன அவர்கள் கொள்கைகள். பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும், ஒரே பந்தியில் உண்ணவேண்டும் என்று அவர்கள் சொன்னபோது ஊரிலே எழுந்த ஆரவாரம் சிறிதன்று. சுயராச்சியம் கேட்டபோது அவ்வளவு பேர் கோபிக்கவில்லை.

மாணவர் என்ற பெயர் நெடுநாள் நிலைக்கவில்லை. காரணம் எளிது. மாணவராயிருந்தவர்கள் ஆசிரியராயினர், நியாயவாதிகளாயினர். சம்பளம் வாங்குவோரை மாணவர் என்று எத்தனை காலம் அழைப்பது? பெயர் வாலிபர் காங்கிரஸ் என்றாயிற்று. 1931இன் போராட்டம் இப்பெயராலேதான் நடைபெற்றது. வாலிபர் என்ற சொல் எமது வழக்கில் ஆண்மக்களையே குறிக்கும். ஆனால் அவ்வாண்டு ஏப்பிரிலிற் கூடிய வாலிபர் மகாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண்மணி, இருபத்தெட்டு வயதுடைய கமலாதேவி சட்டோபாத்யாயா. பெயர் ஒரு வழி, செயல் ஒரு வழி.

நிற்க. கிளை என்று சொல்வதாயின் அடிமரத்தைக் காட்டவேண்டுமல்லவா? காங்கிரஸ் என்னும் பெயருடைய மரங்கள் எமக்குத் தெரிய நான்கு உண்டு. அவற்றில் எது இதன் தாய் என்று பார்ப்போம்.

இருவரை ஆண்டுக்கணக்கே விலக்கிவிடுகிறது. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடையே வேரூன்றிய இலங்கை இந்தியன் காங்கிரஸ் 1939இலேதான் பிறந்தது. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 1944இற் பிறந்தது. தாய் பிறக்க இருபது ஆண்டுகளுக்கு முன்னே பிள்ளை பிறந்ததென்று எந்தச் சாதகமும் சொல்லாது. நண்பரின் கட்டுரை இவ்விடத்திலே வீழ்ந்துவிடுகிறது.

இலங்கைத் தேசிய காங்கிரஸ் 1919இல் அமைந்தது. அதன் முதலாவது தலைவர் அருணாசலம் அவர்களே. ஆனால் 1921இல் அவர் மனமுறிவோடு விலகினார். 1924 சனவரியில் மதுரையிலே காலமானார். மாணவர் காங்கிரஸ் தோன்றிய வேளையில் தேசிய காங்கிரஸுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இருந்த உறவு தளர்ந்த உறவு. மாணவர் காங்கிரஸார் தெற்கோடு பகைக்கவில்லை. 1926இற் சொலமன் பண்டாரநாயக்கா யாழ்ப்பாணம் வந்து, இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே ஏற்றது என்று பேசியது அவர்களுடைய மேடையிலேதான். (பின்னாளிலே அவர் பேசியவற்றோடு இதனை ஒப்பிடுவது வாசகர் விருப்பம்.) ஆயினும் விருந்தினரை அழைப்பது வேறு, கட்டளை கேட்பது வேறு. 1931இல் வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தபோது தேசிய காங்கிரஸார் தேர்தலிலே நின்றனர். தாய் தெற்கே போக மகன் வடக்கே போனான் என்றால் அவர்கள் தாயும் மகனுமல்லர்.

எஞ்சியிருப்பது 1885இற் பிறந்த இந்தியக் காங்கிரஸ். இதனை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பெயரை அங்கிருந்தே எடுத்தனர். கதரும் அங்கிருந்தே வந்தது. 1927 நவம்பர் மாத இறுதியிலே மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தது மாணவர் காங்கிரஸின் அழைப்பின்பேரில். கதர் நிதிக்கு யாழ்ப்பாணத்தார் கொடுத்தனர். அவரைக் கண்ட நினைவைப் பலர் ஆயுள் முழுவதும் வைத்திருந்தனர். இவ்வளவும் இருக்க, கிளையென்று சொல்லத் தடை யாது? தடை 1931இலே இருக்கிறது. அவ்வாண்டு மார்ச் 5ஆம் திகதி காந்தியடிகளும் இர்வின் பிரபுவும் உடன்படிக்கை செய்தனர். சட்டமறுப்பு இயக்கம் நிறுத்திவைக்கப்பட்டது. அதாவது, இந்தியக் காங்கிரஸ் போரை நிறுத்திச் சமாதானம் பேசிய வேளையிலே யாழ்ப்பாண வாலிபர் போரைத் தொடக்கினர். கிளையாயிருந்தால் மரம் அசையாதபோது தான் மட்டும் அசையுமா? அவர்கள் இந்தியாவைப் பார்த்துக் கற்றனர். இந்தியாவைக் கேட்டு நடக்கவில்லை.

இனிப் பகிஷ்காரத்தைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். 1927இற் டொனமூர்ப் பிரபுவின் தலைமையிலே வந்த ஆணைக்குழு 1928இல் அறிக்கை வெளியிட்டது. இருபத்தொரு வயது வந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவம் போயிற்று. சட்டநிரூபண சபையின் இடத்திலே அரசாங்க சபை வந்தது. அதிலே தேர்தலால் நிரப்பவேண்டிய ஆசனங்கள் ஐம்பது. ஆனால் பூரண பொறுப்பாட்சி வரவில்லை. தேசாதிபதியின் கையிலே பெரும் அதிகாரங்கள் இருந்தன. நிதியும் நீதியும் வெள்ளைக்கார உத்தியோகத்தர் கையிலிருந்தன. இதுவோ சுயராச்சியம் என்று கேட்டனர் வாலிபர். ஏப்பிரில் மகாநாட்டிலே பகிஷ்காரத் தீர்மானம் நிறைவேறியது. மே மாதம் 4ஆம் திகதி நியமனப் பத்திரம் கொடுக்கும் நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் பத்திரம் கொடுக்கவில்லை.

ஒருவரும் கொடுக்கவில்லை என்பதை நின்று நினைத்துப் பார்க்கவேண்டும். சட்டநிரூபண சபையிலே இருந்து பழகியவர்கள், பட்டம் பெற்றவர்கள், பணமுடையவர்கள் எல்லாரும் அந்நாட்டிலே இருந்தனர். அவர்களைத் தடுக்க வாலிபரிடம் சட்டமுமில்லை, படையுமில்லை. மேடையும் ஊர்வலமும் ஊராரின் மனமும் மட்டுமே இருந்தன. முதியோர் வாலிபரின் பின்னே சென்ற நாள் அது. கட்சியொன்றின் இளைஞர் அணியாக இருந்திருந்தால் முதியோர் முடிவுசெய்ய இளையோர் சுவரொட்டியிருப்பர். இங்கே முடிவு இளையோருடையது. இலண்டனில் இருந்த பிலிப் குணவர்த்தனா யாழ்ப்பாணம் வழிகாட்டிவிட்டது என்று மகிழ்ந்து எழுதினார். தெற்கோ பின்தொடரவில்லை. யூன் மாதத்திலே வேறிடங்களிலே தேர்தல் நடந்து முடிந்தது. நான்கு ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன.

பின்வந்தவர்கள் அவ்வெறுமையை நினைத்து வாலிபரைக் கடிந்தது அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். 1934இல் இடைத்தேர்தல் வரும்வரை வடக்கின் குரல் அச்சபையிலே குன்றியே இருந்தது. புதிய ஆட்சிமுறையின் வழக்கங்கள் உறுதிப்பட்டதும் அக்காலத்திலேதான். அந்த இடைத்தேர்தலிலே பருத்தித்துறை ஆசனத்தைப் பெற்றவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். பத்தாண்டின்பின் தமிழ்க் காங்கிரஸைத் தோற்றுவித்தவர் அவரே. ஆகவே தமிழ்க் காங்கிரஸின் தலைவர் அரசாங்க சபைக்குட் புகுந்தது, வாலிபர் காங்கிரஸ் பூட்டிய கதவு திறக்கப்பட்டதனாலாகும். முன்னதை மரமென்றும் பின்னதைக் கிளையென்றும் எழுதுவது எவ்வளவு பொருந்தாதென்பது இதனால் விளங்கும்.

பெயரிற் பிழைத்தாற் பொருளிற் பிழைக்கும் என்று தொடக்கத்திற் சொன்னதும் இதனையே. தமிழ்க் காங்கிரஸ் இனவாரிப் பாதுகாப்பைக் கேட்ட கட்சி. சபையிலே ஐம்பதுக்கு ஐம்பது என்பது அதன் தலைவரின் கோரிக்கை. வாலிபர் காங்கிரஸை அதன் இளைஞர் அணியென்று எழுதியவுடன், 1931இன் பகிஷ்காரம் இனவாரி ஆசனங்கள் போய்விட்டனவே என்ற தமிழரின் கோபமாக மாறிவிடுகிறது. முதியோரிற் சிலர் அக்கோபத்தாலேயே பகிஷ்காரத்துக்குத் துணைநின்றனர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. வாலிபரின் குறை அதுவன்று. அவர்கள் இனவாரிப் பிரதிநிதித்துவத்தை எதிர்த்தவர்கள். முழு இலங்கைக்கும் சுயராச்சியம் கொடுக்கவில்லையே என்பதுதான் அவர்களுடைய வழக்கு. முழு நாட்டின் விடுதலைக்காகத் தன் ஆசனத்தை விட்டவனைத் தன் இனத்தின் பங்குக்காகக் கோபித்தவன் என்று எழுதுவது, புகழுரையாயினும் இகழுரையாயினும், பொய்யுரையே.

அப்படியாயிற் கட்சியின் உண்மையான இளைஞர் பிரிவு எவ்வாறிருக்கும்? ருஷியாவிலிருந்து ஒரு சான்று காட்டலாம். 1917 ஆகஸ்டிலே போல்ஷிவிக் கட்சியின் ஆறாவது மகாநாடு இளைஞர் சங்கங்களைப் பற்றி ஆராய்ந்தபோது, அவை கட்சிக்கு அமைப்பால் அடங்கியிராமற் கருத்தால் மட்டும் இணைந்திருக்கட்டும் என்று தீர்மானித்தது. 1918 அக்டோபர் 29ஆம் திகதி மொஸ்கோவிலே கூடிய மகாநாட்டில் ருஷியக் கம்யூனிஸ்ட் இளைஞர் சங்கம் பிறந்தது. கொம்சொமோல் என்று உலகறிந்தது இதுவே. 1924இல் லெனின் பெயரை அதற்குச் சூட்டினர். 1926இல் அகில சோவியத் என்ற அடைமொழியைச் சேர்த்தனர். 1936இலே திருத்திய விதிகளில் அது கட்சியை அடுத்து நிற்கும் "கட்சி சாராத" வெகுசன அமைப்பு என்று வருணிக்கப்பட்டது. கட்சி சாராதது! அதன் பொதுச் செயலாளர் கொசரேவ் 1938இற் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1939 பெப்ருவரியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். முதலாவது மகாநாட்டை நடத்திய செத்லினும் ஷத்ஸ்கினும் 1937இலேயே அவ்விதி அடைந்திருந்தனர். கட்சி சாராத அமைப்பின் தலைவர்களைக் கட்சி நீக்கிற்று, கட்சி நியமித்தது. 1991இற் கட்சி வீழ்ந்த சில வாரங்களில் அவ்வமைப்பும் தன்னைக் கலைத்துக்கொண்டது. ஒன்று பெயராற் கட்சியின் கிளைபோலத் தோன்றி, செயலாலே தனித்து நின்றது. மற்றையது வருணனையாலே தனித்து நின்று, செயலாலே கட்சியின் கையாயிருந்தது. ஆகவே, ஓர் அமைப்புத் தன்னைத்தான் எவ்வாறு அழைத்தது என்பதை மட்டும் நம்பி எழுதப்படாது. அதன் தலைவனை யார் தெரிந்தனர், யார் நீக்கக்கூடும், அது வேண்டாம் என்று சொன்னபோது என்ன நடந்தது என்று கேட்கவேண்டும்.

கொழும்பிலே இதற்கு மூன்றாவது மாதிரியொன்று நடந்தது. 1930களின் தொடக்கத்திலே தெற்கிலும் வாலிபர் சங்கங்கள் எழுந்தன. இவற்றில் ஒன்றான தென்கொழும்பு வாலிபர் சங்கத்தார் 1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினர். நவம்பர் 11ஆம் திகதி வெள்ளையர் விற்ற பொப்பிப் பூவுக்கு எதிராக இவர்கள் சூரிய மல் விற்றனர். சூரிய மல் என்பது எம் வேலியோரத்துப் பூவரசம் பூவே. 1934, 1935இல் மலேரியாக் காய்ச்சல் கிராமங்களை வாட்டியபோது மருந்தும் உணவும் கொண்டு சென்றனர். இவ்வழியிலே ஒன்றுசேர்ந்தவர்களே என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்த்தனா, லெஸ்லி குணவர்த்தனா முதலியோர். 1935 டிசம்பர் 18ஆம் திகதி அவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். இங்கே கிளை முன்னே தோன்றி மரம் பின்னே வளர்ந்தது! அவ்வாலிபர் சங்கங்களைச் சமசமாஜக் கட்சியின் இளைஞர் பிரிவு என்று 1933க்கு எழுதுவதும் பிழையே. அப்போது அப்படியொரு கட்சி இல்லை.

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் கட்சியாக மாறவுமில்லை, கட்சியொன்றைப் பெறவுமில்லை. 1930களின் பிற்பகுதியிலே மெல்ல மெல்ல ஓய்ந்தது. அதிலே வளர்ந்தவர்கள் பல திசையிற் சென்றனர். எஸ். நடேசன் நியாயவாதியாகவும் செனற்றராகவும் விளங்கினார். ஒறேற்றர் சுப்பிரமணியம் கந்தரோடை ஸ்கந்தவரோதயக் கல்லூரியை வளர்த்தார். எஸ். குலேந்திரன் தென்னிந்திய திருச்சபையின் பேராயரானார். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த பேரின்பநாயகம் 1949 தொடக்கம் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தார். பெயரிலே சமயத்தைச் சேர்க்காமல் தொடங்கிய இயக்கத்தின் தலைவரை இந்துக் கல்லூரியொன்று தன் அதிபராக ஏற்றுக்கொண்டது எமது ஊருக்கே பெருமை. கட்சியின் வழியாய் வந்தவர்களாயின் இவர்களுட் பாதிப்பேராவது கட்சி அரசியலிலே மூப்படைந்திருப்பர்.

எனவே, எனது கட்டுரையில் நான் எழுதிக்கொண்ட வருணனை இது: "யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், 1924இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரோடு தோன்றி, இலங்கை முழுமைக்கும் சுயராச்சியம் வேண்டி நின்ற, எக்கட்சிக்கும் உட்படாத அரசியல் இயக்கம்." சற்று நீளந்தான். அணி என்ற ஒரு சொல்லிலே முடிக்க நண்பர் விரும்பினார். அச்சொல்லுக்குத் தளபதியைக் காட்டும்படி நான் கேட்டேன். காங்கிரஸ் என்ற சொல்லைத் தமிழாக்கி மகாசபை என்று எழுதலாமே என்ற யோசனையும் வந்தது. குழப்பம் நீங்குமென்பது உண்மை. ஆனால் அவர்கள் தாமே வைத்த பெயரை மாற்ற எமக்கு உரிமையில்லை. இந்தியாவை நோக்கி அவர்கள் ஏறெடுத்துப் பார்த்த பார்வையும் அந்தச் சொல்லிலேதான் இருக்கிறது. வாலிபர் என்பதை இளைஞர் என்று திருத்துவோரும் உளர். அதனையும் நான் திருத்தவில்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது இக்காலத்து ஏடுகள் பலவும் அதனோடு போயின. இம்மலரை வாசிக்கும் பெரியோர் வீட்டுப் பெட்டகங்களிலே அந்நாளைய மகாநாட்டு அழைப்பிதழோ, துண்டுப் பிரசுரமோ, கதர் நிதிப் பற்றுச்சீட்டோ கிடந்தாற் கறையான் எடுக்குமுன் சங்க வாசிகசாலைக்குக் கொடுத்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிரதி எடுத்தபின் மூலத்தைத் திருப்பித் தருவோம்.